உப்பு லாரியில் வந்த ஸ்டியரிங் கேபிள்

வைகாசித் தேருக்குப் பத்து நாள் இருக்கும். பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறைக்கு உப்பு ஏற்றிக்கொண்டு போன தூத்துக்குடி லாரி ஒன்று, திருச்செங்கோடு சங்ககிரி ரோட்டில் என் பட்டறை முன்னால் நின்றது. கிளீனர் பையன் இறங்கி ஒரு சாக்கைத் தொப்பென்று போட்டான். "கடல் அண்ணன் குடுக்கச் சொன்னாவ" என்றான். அவ்வளவுதான், லாரி போய்விட்டது. சாக்கைப் பிரித்தால் சாரைப் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது ஒரு கறுப்புக் கேபிள். ஒரு முனையில் எஞ்சினைத் தள்ளி இழுக்கிற, துருவேறிய ராம் கம்பி. மறுமுனையில் ஒரு உருண்டை டப்பா, அதில் ஸ்டியரிங் சக்கரம் மாட்டுகிற தண்டு.

நான் போர்வெல் ரிக்குகளுக்கு ஹைட்ராலிக் வேலை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற சாமான்களின் வேலை, பார்க்கிறவன். ஹோஸ் முனையில் நிப்பிளை வைத்து அழுத்திப் பூட்டுகிற கிரிம்ப் பண்ணுவது, சிலிண்டருக்கு சீல் கிட் மாற்றுவது, பம்பைப் பிரித்துக் கோர்ப்பது. இருபத்திரண்டு வருசமாச்சுங்க. எங்க ஊரில் கல்லெடுத்து எறிந்தால் ஒன்று ரிக் ஓனர் மேலே விழும், இல்லாவிட்டால் ரிக்கில் வேலை பார்த்தவன் மேலே விழும். படகுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், சின்ன வயதில் பூலாம்பட்டி அம்மிச்சி ஊட்டுக்குப் போகும்போது மாமன் பரிசலில் உட்கார வைத்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குக் கூட்டிப் போவார். அதோடு சரி.

கடல் என்பது அவன் பேர் இல்லை. ஆறு வருசம் எங்க ஊர் ரிக் ஒன்றில் துளைக்கிற ராடு மாற்றுகிற வேலையில் இருந்தான். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று ரிக் போன இடமெல்லாம் போனான். எங்கே போனாலும் மீனைப் பற்றியே பேசுவான் என்பதால் ரிக்கில் இருந்தவர்கள் வைத்த பேர். இப்போது ஊரோடு போய்விட்டான். பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கி, பின்பக்கம் வெளியே மாட்டுகிற 40 குதிரைச் சக்தி அவுட்போர்டு எஞ்சின் வைத்து வலை போடுகிறான். அந்தப் படகை முன்பு வைத்திருந்தவர் நடுவில் ஒரு பெட்டி கட்டி, காருக்கு மாதிரி ஸ்டியரிங் சக்கரம் வைத்திருந்தார். அதுதான் இறுகிப்போனது.

ராத்திரி போனில் கதை முழுக்கச் சொன்னான். வலை எடுத்துத் திரும்பும்போது சக்கரம் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. பலங்கொண்ட மட்டும் திருப்பியிருக்கிறான், அசையவில்லை. எஞ்சினையும் கேபிளையும் சேர்க்கிற டிராக் லிங்க் என்ற சின்னக் கம்பியின் நட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தலையைக் கட்டிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கரை சேர்ந்திருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னப் படகுக்காரர்களுக்கு மீன் விலை கிடைக்கிற நேரமே அதுதான். அந்த நேரம் பார்த்துப் படகு கரையில் கிடந்தால் எப்படி இருக்கும்?

"கடைக்காரர் ஹைட்ராலிக் போடு, ஆயுசுக்கும் கைவைக்க வேண்டாம்னு சொல்லுதாரு அண்ணாச்சி. உங்க தொழில்தான, நீங்க சொன்னா சரி" என்றான்.

ஆயுசுக்கும் கைவைக்க வேண்டாத ஹைட்ராலிக் என்று ஒன்று இருந்தால் நான் இத்தனை வருசம் எதை வைத்துச் சோறு தின்றேன் என்று தெரியவில்லை.

மறுநாள் ரிக் ஏதும் வரவில்லை. கேபிளை வைஸில் கட்டி, ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் உரித்துப் பார்த்தேன். வெளியே கறுப்பு பிளாஸ்டிக் உறை. அதற்குள் எஃகுக் கம்பிகள் நெருக்கமாகப் படுத்திருக்கின்றன, முருங்கைக்காய்க்குள் நார் இருக்கிற மாதிரி. அதற்குள் வழுவழுப்பான இன்னொரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள்தான் நடுக்கம்பி. நடுக்கம்பி மேல் ஸ்பிரிங் மாதிரி இன்னொரு கம்பி சுற்றியிருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரம் அந்தச் சுற்றைக் கடித்துத்தான் கம்பியைத் தள்ளுகிறது, இழுக்கிறது. எளிமையான, அழகான வேலை.

ஒரு இடத்தில் வெளியுறை தேய்ந்து பொத்தல் விழுந்திருந்தது. ஏதோ போல்ட்டில் உரசியிருக்கிறது. அங்கிருந்து ஒரு முழத்துக்கு உள்கம்பி செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. சரி, இதுதான் நோய் என்று நினைத்தேன். ஆனால் உண்மையான நோய் மறுமுனையில். எஞ்சினைத் தூக்கி இறக்குவதற்கு ஒரு குறுக்குக் குழாய் இருக்கும், டில்ட் டியூப் என்பார்கள். கேபிளின் ராம் அதற்குள்தான் போய்வருகிறது. அந்த ராம் மேல் கிரீஸ் வெள்ளையாகக் காய்ந்து, சுண்ணாம்புச் சாந்து மாதிரிப் பிடித்திருந்தது. மோந்து பார்த்தாலே தெரிந்தது, லாரிக்கு அடிக்கிற சேஸிஸ் கிரீஸ்.

போனில் கேட்டேன். "ஆமா, ரிக்கில அடிப்போம்லா, அதான்" என்றான். உப்புத் தண்ணிக்கு அது நிற்காது. படகுக்கென்று தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் தனியாக இருக்கிறது. அதோடு ராம் வெளியே நீண்டிருக்கும்போது கிரீஸ் அடித்திருக்கிறான். அப்படி அடித்தால் குழாய்க்குள் கிரீஸ் அடைத்துக்கொண்டு, ராம் திரும்பி வரும்போது போக இடமில்லாமல் முட்டும். ராமை முழுக்க உள்ளே இழுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். நிறுத்தி வைக்கும்போதும் அப்படியே, ராம் உள்ளே போயிருக்கிற பக்கமாகத் திருப்பி நிறுத்த வேண்டும். இவன் படகு மணலில் கிடந்த நாளெல்லாம் ராம் வெளியே நீட்டிக்கொண்டு உப்புக்காற்றுக் குடித்திருக்கிறது.

ஆக, கேபிள் ஸ்டியரிங் கெட்டது என்று சொல்ல முடியாது. அதைச் சாகடித்துவிட்டான்.

இனி புதிதாக எதைப் போடுவது? ஹைட்ராலிக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் வீட்டுச் சமாச்சாரம். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பிஸ்டன் பம்பு. டிராக்டர் பவர் ஸ்டியரிங் மாதிரி இதற்கு எஞ்சின் ஓட்டுகிற பம்பு கிடையாது, நம் கைதான் பம்பு ஓட்டுகிறது. அங்கிருந்து இரண்டு ஹோஸ் பின்னால் போய் எஞ்சின் முன்னால் இருக்கும் சிலிண்டரில் சேரும். எத்தனை சுற்று என்பது சுலபக் கணக்கு. சிலிண்டர் முழுக்க நகர 140 சிசி எண்ணெய் வேண்டும், பம்பு ஒரு சுற்றுக்கு 28 சிசி தள்ளும் என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 5 சுற்று. கேபிளில் மூன்று நாலு சுற்றுதான். ஆனால் ஹைட்ராலிக் சக்கரம் விரலால் சுற்றுகிற மாதிரி லேசு. எஞ்சின் பக்கமிருந்து எவ்வளவு தள்ளினாலும் உள்ளே இருக்கும் வால்வு பூட்டிக்கொள்ளும், சக்கரத்தை விட்டுவிட்டு பீடி பற்ற வைக்கலாம்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டால், ஹோஸ் முனையில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒன்று கசிந்தாலும் உள்ளே காற்று ஏறும். காற்று ஏறினால் சக்கரம் ரப்பர் மாதிரித் துள்ளும், திருப்பினது பாதி போய்ச் சேராது. காற்றெடுக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவன் பம்பு மேல் எண்ணெய் ஊற்ற, ஒருவன் சிலிண்டர் நிப்பிளைத் திறந்து மூட. அவன் பெரும்பாலும் ஒரு பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறவன், அப்புறம் படகை யார் பிடிப்பது? எண்ணெய் தீர்ந்தால் கையில் கிடைத்ததை ஊற்றுவான், எனக்குத் தெரியும். அந்த இடத்தில் பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் எல்லாம் ஊறி நாசமாகும். ரிக்கில் எண்ணெய் ஒழுகினால் பக்கத்திலேயே பேரல் நிற்கிறது, நான் நிற்கிறேன். கடலுக்குள் யார் நிற்கிறார்கள்? விலை வேறு கேபிளைப் போலப் பல மடங்கு. நூறு குதிரைக்கு மேல் எஞ்சின், நாள் முழுக்க ஓட்டம் என்றால் நானே போடு என்பேன். 40 குதிரைக்கு வேண்டாம்.

"அப்ப சக்கரமே வேண்டாம், எஞ்சினையே பிடிச்சுத் திருப்புற டில்லர் கைப்பிடி வச்சிரு. உடையறதுக்கு ஒண்ணுமே இல்லை. படகு நடுவில் இருக்கிற பெட்டியையும் எடுத்துட்டா வலை போட எடம் எச்சாக் கிடைக்கும்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தோளு இருக்குல்லா அண்ணாச்சி" என்றான்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவன் இடது தோள் போனது ரிக்கில். ராடு தூக்குகிற வின்ச்சுக்குப் போகும் ஹோஸ் நிப்பிளை விட்டுக் கழன்று, தொங்கிக்கொண்டிருந்த ராடு சறுக்கி வந்து அடித்தது. அந்த ஹோஸைக் கிரிம்ப் பண்ணியது நான். கழன்ற முனையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஹோஸை நிப்பிளோடு கவ்விப் பிடிக்கிற வளையம், ஃபெரூல், அதன் அழுத்தம் அளவுக்குக் குறைந்திருந்தது. அழுத்துகிற அச்சை, டையை, மாற்றியதும் வெர்னியர் வைத்து அளந்து பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது "ரெண்டு மாசம் ஊருல மீன் தின்னுட்டு வாரேன்" என்றான். வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டான்.

டில்லர் பிடிக்கிறவன் அமரத்தில், அதாவது படகின் பின்கோடியில், உட்கார்ந்து, எஞ்சினுக்கு முதுகைத் திருப்பி, இடது கையைப் பின்னால் நீட்டியே வைத்திருக்க வேண்டும். நல்ல தோளுக்கே ஒரு மணி நேரத்தில் கடுக்கும்.

தேருக்கு முதல் நாள் ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டான். அர்த்தநாரீஸ்வரருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தான். ஈரோட்டில் ஒரு சினேகிதர் மூலமாகக் கோயம்புத்தூரிலிருந்து கேபிள் ஸ்டியரிங் ஒரு செட் வரவழைத்திருந்தேன், சக்கரத்துக்குப் பின்னால் மாட்டுகிற பெட்டி இரண்டு விதத்தோடு. ஒன்று சாதாப் பெட்டி. இன்னொன்று எஞ்சின் உதைப்பைச் சக்கரத்துக்கு அனுப்பாதது. அதற்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் விடும், எஞ்சின் பக்கமிருந்து தள்ளினால் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக்கில் வால்வு செய்கிற வேலையை இது இரும்பால் செய்கிறது. விலை கொஞ்சம் எச்சு.

பழைய பிளைவுட் பலகையை மேசையில் அடித்து, அதில் பெட்டியை மாட்டி, கேபிளைப் பட்டறையைச் சுற்றி ஓட்டினோம். மறுமுனைக் குழாயை வைஸில் பிடித்து, ராமுக்கு எதிராக ஒரு ஸ்பிரிங்கைக் கட்டினேன். சக்கர விளிம்பில் வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். கேபிள் நேராகப் போனபோது தராசில் மூன்று கிலோ. கிரைண்டர் ஸ்டாண்டை இடுக்கமாகச் சுற்றி இரண்டு வளைவு கொடுத்ததும் ஐந்து தாண்டியது. வளைவை அகலமாக்கினால் நாலுக்கு இறங்கியது. எட்டு அங்குல ஆரத்துக்குக் குறைந்து வளைக்காதே என்று கேபிளோடு வந்த தாளில் போட்டிருந்தது. அதை அவனே தன் கையால் இழுத்துப் பார்க்க வைத்தேன். பழைய படகில் கேபிள் நீளமாக வாங்கிவிட்டு, மிச்சத்தைப் படகு நடுப் பெட்டிக்குள் சுருட்டித் திணித்திருந்தார்களாம்.

நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. சக்கர நடுவிலிருந்து படகின் ஓரம் வரை, ஓரத்தோடு பின்னால் வரை, அங்கிருந்து டில்ட் டியூப் நடு வரை, மூன்றையும் கூட்ட வேண்டும். நேர்க்கோணத் திருப்பம் ஒவ்வொன்றுக்கும் 4 அங்குலம் கழிக்க வேண்டும், டியூப்புக்குள் நுழைவதற்கு 6 அங்குலம் சேர்க்க வேண்டும். அவன் கொண்டுவந்த அளவு 30, 132, 28. கூட்டினால் 190. இரண்டு திருப்பத்துக்கு 8 போனால் 182, ஆறு சேர்த்தால் 188. அதாவது 15 அடி 8 அங்குலம். கேபிள் அடிக்கணக்கில்தான் வரும், ஆகவே 16 அடி. பழையதில் போட்டிருந்தது 19.

"இதுக்குப் பேசாம கயித்தையும் கப்பியையும் வச்சு இழுத்துரலாம் அண்ணாச்சி, எங்க ஊருல பழைய ஆட்க அப்பிடித்தான் வச்சிருந்தாவ" என்றான். எனக்கும் அந்த யோசனை பிடிக்காமல் இல்லை. எங்க அப்பாரு மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணி இறைக்கிற கவலை ஓட்டினவர். வடம் கிணற்று மேட்டுக் கப்பியிலும் வால்கயிறு உருளையிலும் ஓடும். அறுந்தால் அங்கேயே முடிச்சுப் போட்டு மறு இழுப்பு. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம். ஆனால் படகில் கயிறு ஓரத்தோடு திறந்து ஓடினால் வலை சிக்கும். சிக்கினால் வலையும் போச்சு, ஸ்டியரிங்கும் போச்சு. விட்டுவிட்டோம்.

பொழுதோட பூலாம்பட்டி போனோம். மோட்டார் படகில் ஆளோடு பைக்கையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வருகிறார்கள். கதவணை கட்டித் தேக்கிய தண்ணி, குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். கடல்காரனுக்கு இது என்ன என்று நினைத்தேன். அவன் படகைப் பார்க்கவே இல்லை, ஓரமாகப் போன ஒரு பரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கு முன்னாடி எது, பின்னாடி எது?" என்றான். இரண்டும் கிடையாது, துடுப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் முன்னாடி என்றேன். மாமன் துடுப்பைத் தனக்கு முன்னால் போட்டுத் தண்ணியைத் தன் பக்கம் வாரிக்கொள்வார், பரிசல் அந்தப் பக்கம் நகரும். ஒரு வாரு வலமாக, ஒரு வாரு இடமாக. கை ஒன்று மட்டும் ஓய்ந்தால் பம்பரம் மாதிரிச் சுற்றும்.

சுற்றும் என்று சொன்னபோதுதான் கேட்டேன். "உன் படகு நேராப் போகும்போது சக்கரத்தை விட்டா என்ன பண்ணும்?"

"வலப்பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். பிடிச்சே இருக்கணும். எல்லாப் படகும் அப்படித்தான?"

போனில் எஞ்சினின் கீழ்ப்பாகப் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணியைத் தள்ளுகிற காத்தாடிக்கு மேலே ஒரு தட்டு, அந்தத் தட்டுக்கு அடியில் சின்ன மீன்செதில் மாதிரி ஒரு துண்டு தொங்கும். டிரிம் டேப். காத்தாடி சுற்றுகிற வேகத்தில் எஞ்சின் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், அதை ஈடுகட்டத்தான் அந்தத் துண்டு. படகு வலப்பக்கம் இழுத்தால் துண்டின் பின்விளிம்பை வலப்பக்கம் தள்ளி முறுக்க வேண்டும். கேட்கத் தலைகீழாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் சரி. இவனுடையது நேர் இடப்பக்கம் திரும்பி நின்றது. எவனோ கழற்றிப் பூட்டியபோது கவனிக்கவில்லை. போதாததற்கு மேலே அழகாக நீலப் பெயின்ட் வேறு. அது துத்தநாகத் துண்டாக இருந்தால், எஞ்சினை அரிக்க வரும் உப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. பெயின்ட் அடித்தால் அந்த வேலை நின்றுபோகும்.

ஒரே ஒரு போல்ட். அதைச் சரி செய்யாமல் இத்தனை நாள் தோளால் பிடித்து நிறுத்தியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத் திட்டவா, படகு விற்றவனைத் திட்டவா என்று தெரியவில்லை.

கடைசியில் உதைப்புத் தடுக்கிற பெட்டி, 16 அடி கேபிள், இரண்டு அகல வளைவு என்று முடிவாயிற்று. சாதாப் பெட்டியே போதும், துண்டைத் திருப்பினால் இழுப்பு குறைந்துவிடும் என்று அவன் வாதாடினான். தோளைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக, "ஹைட்ராலிக் வேண்டாம்னது படகுக்காகவா, இல்ல அந்த ஹோஸுக்காகவா?" என்று கேட்டான். இரண்டுக்கும்தான் என்றேன். உண்மை அதுதானுங்க. கணக்குப் போட்டாலும் கேபிள்தான் வருகிறது, ஆனால் கணக்கைப் போடும்போது என் கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

செட்டோடு மரைன் கிரீஸ் டப்பா ஒன்றும், டிராக் லிங்க் நட்டுக்குச் சேரும் ஸ்பானர் ஒன்றும் கொடுத்தனுப்பினேன். ஸ்பானரின் துளையில் நைலான் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை எஞ்சின் பக்கத்தில் படகோடு கட்டச் சொன்னேன். கேபிள் மறுபடி மாட்டினால் இருட்டில் தேட வேண்டாம். ராம் உள்ளே போகிற பக்கம் எது என்று பெட்டி மேல் பெயின்டில் அம்பு போட்டுக்கொள்ளவும் சொன்னேன். அம்பு போட்டுப் படம் அனுப்பினான். பக்கத்திலேயே மகள் ஒரு மீனும் வரைந்திருக்கிறாள்.

ஆடி பிறந்ததும் அதே உப்பு லாரியில் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. ஐஸுக்குள் நாலு விளைமீன். எங்க ஊட்டம்மா கழுவிக்கொண்டே, "ஏனுங்க, கூலி வாங்கினீங்களா, இல்ல இதுதான் கூலியா?" என்றாள். அன்று ராத்திரி அவனே கூப்பிட்டான். சக்கரத்தை விட்டுவிட்டு டீ ஊற்றிக் குடிக்கிறானாம், படகு நேராகப் போகிறதாம். தோள் எப்படி என்றால், வலை இழுக்கும்போதுதான் வலி என்றான்.

"அதான் ஒரு ரோசனை அண்ணாச்சி. சின்ன டீசல் எஞ்சின் ஒண்ணு வச்சு, வலை இழுக்க ஹைட்ராலிக் வின்ச் போடலாம்னு பாக்கேன். ஹோஸ் நீங்கதான் கிரிம்ப் பண்ணித் தரணும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேற்று நிப்பிளும் ஃபெரூலும் எடுத்து வைத்து, வேண்டாத ஹோஸ் துண்டு ஒன்றில் கிரிம்ப் பண்ணிப் பார்த்தேன். வெர்னியரில் மூன்று தடவை அளந்தாயிற்று.